டைம் கீப்பரின் சதுர ஆட்டம்

மனிதர்களை நடுங்க வைப்பதில் எங்கள் டைம் கீப்பருக்கு இணையாக மதுரை மாவட்டத்தில் இதுவரை ஒருவர் பிறக்கவில்லை. இனியும் பிறக்கக் கூடாது என்பது என் தனிப்பட்ட வேண்டுதல். என்னை வாழ்க்கையில் பயமுறுத்தியவர்கள் ஏராளம். கணக்கு வாத்தியார், மாமனார், ஆடிட் அதிகாரி, கடைசியாக இதய டாக்டர். அவர்கள் எல்லாம் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். நடுவில் மூச்சுவிட நேரம் கொடுத்தார்கள். டைம் கீப்பர் அதுகூடக் கொடுக்கவில்லை.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்கள் காலனியில் யாருக்கும் அது தெரியாது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கூண்டுக்குள் உட்கார்ந்து மைக்கில் சொல்லுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "சோழவந்தான் வண்டி டிரைவர், டீ குடிச்சது போதும், கிளாஸ வச்சிட்டு ஏறு" என்று அவர் சொன்னால், சோழவந்தான் டிரைவர் மட்டுமல்ல, பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கிளாஸை வைத்துவிடுவார்களாம்.

வேலை ஓய்ந்தது. குரல் ஓயவில்லை. காலையில் தன் வீட்டு மொட்டை மாடியில் ஏறி நிற்பார். "மூணாம் நம்பர் வீடு, டேங்க் ரொம்பி ரோட்ல ஓடுது, மோட்டார நிப்பாட்டு. ஆறாம் நம்பர், பிள்ளைக்கு ஸ்கூல் வேன் வந்திருச்சு, இன்னமுமா சடை பின்னுற?" காய்கறி வண்டிக்காரர் எங்கள் தெருவுக்குள் ஏழு பத்துக்கு நுழைந்து ஏழு இருபதுக்கு வெளியேற வேண்டும். ஒரு கல்யாணத்தில் முகூர்த்தத்துக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது இவர் கடிகாரத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். மாப்பிள்ளைக்குக் கை நடுங்கி இரண்டாவது முடிச்சு விழவே இல்லை.

இப்பேர்ப்பட்டவர் வசிக்கிற காலனியில்தான் எனக்கு நெஞ்சு வலி வந்தது.

ஒரே ஓர் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சிரித்துக்கொண்டே, "இனிமே நீங்க எல்லாரையும் மாதிரி இருக்கலாம்" என்றார். அந்த வார்த்தைதான் எனக்குப் பீதியைக் கிளப்பியது. எல்லாரும்தானே ஒருநாள் போய்ச் சேருகிறார்கள்?

அன்று முதல் நான் மாடி ஏறவில்லை. சத்தமாகச் சிரிக்கவில்லை. தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்து அடக்கினேன். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் வந்தால் பக்கத்து அறைக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். ஆட்டம் முடிந்து அரை மணி நேரம் கழித்து, ஜெயித்தோமா தோற்றோமா என்பதை என் மனைவி கோமதி மெதுவாக, தவணை முறையில் சொல்ல வேண்டும். நெஞ்சுக்குள் யாரோ வாடகைக்கு இருப்பது போலவும், எந்த நேரத்திலும் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிடுவான் போலவும் இருந்தது. தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்ன டாக்டர் பேச்சைக் கேட்டு, ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடுவே நடந்தேன். அதுவும் சுவரைப் பிடித்துக்கொண்டு.

கோமதி தபால் ஆபீசில் கவுன்டர் வேலை பார்ப்பவள். பொறுமை அதிகம். எட்டு மாதம் பொறுத்தாள்.

அந்தச் சமயத்தில் டைம் கீப்பர் ஊரில் இல்லை. மகள் பிரசவத்துக்காக அமெரிக்கா போயிருந்தார். காலனியே நிம்மதியாகத் தாமதமாக எழுந்துகொண்டிருந்தது. அங்கே மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம் இருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் வயதான வெள்ளைக்காரர்கள் ஜோடி ஜோடியாக வந்து ஆடுவார்களாம். நான்கு ஜோடி, சதுரத்தின் நான்கு பக்கத்திலும் உள்ளே பார்த்து நிற்பது. ஒருவர் மைக்கைப் பிடித்து இசைக்கு ஏற்றபடி உத்தரவு போடுவது. இவர் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம், கையை மாற்று, ஜோடியை மாற்று என்று அவர் சொல்லச் சொல்ல எட்டுப் பேரும் ஆட வேண்டும். அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்பது ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. எல்லோரையும் கலைத்துப் போட்டு, பாட்டு முடிவதற்குள் அவரவரை அவரவர் ஜோடியோடு பழைய இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் மைக் பிடித்தவரின் சாமர்த்தியம்.

"பாத்தேன் மாப்ள. எந்திரிச்சு நின்னுட்டேன். அடப்பாவிகளா, இதத்தானடா முப்பது வருசமா பஸ் ஸ்டாண்டுல பாத்தேன்! எட்டு வண்டி, நாலு வாசல், ஒண்ணோட ஒண்ணு உரசாம உள்ள விட்டு வெளிய எடுக்கணும். அம்புட்டுத்தான்!" என்று பிற்பாடு சொன்னார். அந்த மண்டபத்தில் மைக் பிடித்தவரிடம் ஆறு மாதம் பாடம் படித்திருக்கிறார். பேரனுக்குக் காது குத்தியதும் கிளம்பி வந்துவிட்டார்.

வந்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டு வாசலில் விசில் சத்தம்.

"தங்கச்சி, வீட்டுக்காரரு இருக்காரா?"

"இருக்காருண்ணே. படுத்திருக்காரு."

"எந்திரிக்கச் சொல்லு. ஆடணும்."

என் மனைவியைத் தங்கச்சி என்று அவர் கூப்பிட்டுவிட்டதால் நான் அவருக்கு மாப்ள, அவர் எனக்கு மச்சான். இந்த உறவுக்கு நான் எங்கும் கையெழுத்துப் போடவில்லை. "மச்சான், எனக்கு நெஞ்சுல கம்பி வச்சிருக்காங்க" என்றேன், மிக மெதுவாக.

"வச்சா வச்சுட்டுப் போறாங்க. அது பாட்டுக்கு உள்ள இருக்கட்டும். கால்லயா வச்சாங்க?"

"டாக்டர் என்ன சொல்லுவாரோ…"

"நாங்க வாரோம்ணே, அஞ்சு மணிக்குக் காலனி மைதானத்துலதானே?" என்றாள் கோமதி. எட்டு மாதத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. துரோகம் என்பது எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மற்ற மூன்று ஜோடிகளையும் அவர் இப்படித்தான் வளைத்துப் பிடித்திருந்தார். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மொத்தக் கடை வைத்திருக்கிற பூக்கடை அண்ணனும் அவர் மனைவி பூக்கடை அக்காவும் ஒரு ஜோடி. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவரும் அவர் சம்சாரமும் இன்னொன்று. அவர்கள் தினமும் பஸ் ஏறி வர வேண்டும், அந்த பஸ்ஸின் டிரைவரை டைம் கீப்பர் போனில் பிடித்துவைத்திருந்தார். நாலாவதாக ஆள் கிடைக்காமல், கல்யாணம் ஆகாத டீச்சர் சகோதரிகள் இருவரைச் சேர்த்தார். பெரிய டீச்சர் தலையில் துண்டைக் கட்டி அவரை ஆண் என்று அறிவித்தார். "நாளைக்கு வகுப்புல பிள்ளைக சிரிப்பாங்கண்ணே" என்றார் டீச்சர். "சிரிச்சா என்கிட்ட அனுப்புங்க" என்றார் இவர். யாரும் சிரிக்கவில்லை.

அமெரிக்க உத்தரவுகளை எல்லாம் அவர் தமிழாக்கம் செய்திருந்தார். தமிழ் என்றால் பஸ் ஸ்டாண்டுத் தமிழ். எட்டுப் பேரும் கை கோத்துச் சுற்றினால் 'ரவுண்டானா'. எதிரில் வருகிறவரை வலது தோள் பக்கம் கடந்து போனால் 'பைபாஸ்'. ஜோடியோடு பின்னால் நகர்ந்தால் 'ரிவர்ஸ்'. அப்படியே நிற்க 'ஹோல்டான்'. அவரவர் ஜோடியோடு சொந்த இடத்துக்குத் திரும்ப 'டெப்போ'. முதல் நாள் 'ரிவர்ஸ்' என்றதும் கொடிக்கால்காரர் அப்படியே பின்னால் போய்க் காம்பவுண்டுச் சுவரில் மோதி நின்றார். "நான் ஹோல்டான் சொல்லல, அவரு செஞ்சது சரி" என்று தீர்ப்பானது.

ஆனால் அமெரிக்காவில் யாருக்கும் வராத சிக்கல் ஒன்று இரண்டாம் நாளே வந்தது. பூக்கடை அண்ணனின் மகளைக் கட்டியவன் கொடிக்கால்காரரின் மகன். அதாவது அந்த இரண்டு ஜோடியும் சம்மந்திகள். ஆளைப் பிடிக்கிற அவசரத்தில் இவர் அதை யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் சம்மந்தியோடு கை கோப்பதாவது! முதுகைக் காட்டி நிற்பதே மரியாதைக் குறைவு. பூக்கடை அக்கா, சம்மந்தி எதிரில் வந்தால் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொள்வார். அத்தோடு விட்டாலும் பரவாயில்லை. ஆட்டத்தின் நடுவில் எதிரெதிரே வந்ததும் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

"வாங்க சம்மந்தி."

"வாரேன் தாயி. சாப்பிட்டீகளா?"

"ஆச்சுங்க. நீங்க?"

பின்னால் வருகிற நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதி, சதுரம் நசுங்கிப் போகும்.

"ஆட்டத்துல விசாரிப்பு என்ன விசாரிப்பு?" என்று டைம் கீப்பர் கத்தினார். பூக்கடை அக்கா அமைதியாகச் சொன்னார். "அண்ணே, எதிர்ல வந்த சம்மந்தியை 'வாங்க'ன்னு கேக்காம போனா, நாளைக்கு என் மகதான் அந்த வீட்ல பதில் சொல்லணும்."

டைம் கீப்பர் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு நேராக வீட்டுக்குப் போனார். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எட்டு சோடா மூடிகள் வந்தன. பெண்களுக்கான மூடிகளில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. சம்மந்திகள் நால்வருக்கும் சிவப்புப் பொட்டும் சிவப்பு மையும். மூன்று நாள் அந்த மூடிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். எந்த ஆட்டத்தை எப்படி மாற்றினாலும் சிவப்பும் சிவப்பும் ஏதாவது ஒரு மூலையில் கை நீட்டிக்கொண்டு நின்றன. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். கை கோக்கிற இடங்களில் எல்லாம் அவர்களுக்கு நடுவே துண்டு கட்டிய டீச்சரைச் செருகினார். எதிர்ப்படுவதைத் தவிர்க்க முடியாத ஓரிடத்தில், ஆட்டத்துக்குள்ளேயே நாலு தாளத் தட்டு ஒதுக்கினார். அந்த நாலு தட்டில் எட்டுப் பேரும் நின்ற இடத்தில் கும்பிட வேண்டும். சம்மந்திகள் "வாங்க", "வாரேன்" சொல்லி முடித்துவிட வேண்டும். சாப்பாட்டு விசாரிப்புக்கு அனுமதி கிடையாது.

அடுத்தது இசை. சினிமாப் பாட்டுப் போட்டார். பூக்கடை அண்ணன் கூடவே பாடினார், உத்தரவு காதில் விழவில்லை. சாமி பாட்டுப் போட்டார். இரண்டாவது அடியிலேயே சின்ன டீச்சருக்குக் கண் செருகி உடம்பு ஆட ஆரம்பித்தது. ஓடிப் போய் ஸ்பீக்கரை அணைத்தார். "சாமி வந்துட்டா என் ஆர்டர் செல்லாது தாயி, மன்னிச்சிரு." நாதசுரம் போட்டார். மேளம் வேகம் பிடித்ததும் எட்டுப் பேரும் பழக்க தோஷத்தில் கையைத் தூக்கி, இல்லாத மணமக்கள் மேல் இல்லாத அட்சதையைப் போட்டோம். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பிடில் இசையைப் போட்டபோது குதிரை ஓடுவது போல இருந்தது. என் நெஞ்சும் கூடவே ஓடியது. நான் போய்ச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, கோமதியிடம் எல்.ஐ.சி. பத்திரம் இருக்கிற இடத்தைச் சொல்ல ஆரம்பித்தேன்.

மறுநாள் டைம் கீப்பரைக் காணவில்லை. டி.கல்லுப்பட்டிப் பக்கம் ஒயிலாட்டக் குழு ஒன்று இருக்கிறதென்று கேள்விப்பட்டு பஸ் ஏறிவிட்டார். "பாட்டு வேணாம், துண்டு வீச வேணாம், மேளத்த மட்டும் அடிங்கய்யா. நான் சொல்ற வேகத்துல" என்று ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இன்னும் மெதுவாக, இன்னும் மெதுவாக என்று இவர் படுத்திய பாட்டில் மேளக்காரர் ஒருவர் குச்சியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாராம். சாயங்காலம் ஒரே மேளம் ஏழு விதமான வேகத்தில் அவர் செல்போனில் வந்து இறங்கியது. ஒன்றாம் நம்பர், ஊர்ந்து போகிற வேகம். ஏழாம் நம்பர், அமெரிக்க வேகம். அன்றன்றைக்கு எந்த நம்பர் என்பதை அவர்தான் முடிவு செய்வார்.

முதல் மூன்று வாரம் ஒன்றாம் நம்பர்தான். பூக்கடை அண்ணன் பொறுத்துப் பார்த்தார். "டைம் கீப்பரண்ணே, இந்த மேளத்துக்கு ஆடுறதுக்கு, உக்காந்து ரெண்டு கூடை மல்லிகையக் கட்டிப்புடலாம்ணே. கொஞ்சம் தூக்கிப் போடுங்க."

"வண்டிய எப்ப எடுக்கணும்னு எனக்குத் தெரியும். நீ ஏறி உக்காரு."

"ஒங்களுக்கு வயசாயிருச்சு. அதான் வேகம் வரமாட்டேங்குது."

"ஆமா, ஆயிருச்சு. இப்ப என்ன?" என்றார் அவர். பஸ் ஸ்டாண்டையே அதட்டிய மனிதர் இந்தப் பழியை இவ்வளவு சுலபமாக வாங்கிக்கொண்டது எனக்கு விசித்திரமாக இருந்தது.

எனக்கு அந்த வாரங்களில் இருந்த பயத்தைச் சொல்லி முடியாது. அடுத்த உத்தரவு என்னவென்று தெரியாத ஆட்டம், அடுத்த துடிப்பு உண்டா என்று தெரியாத நெஞ்சு. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பயங்களை வைத்துக்கொண்டு ஆடினேன். தப்பிக்கவும் முயன்றேன். பாத்ரூமில் உட்கார்ந்து தாழ் போட்டேன். விசில் ஜன்னல் வழியாக வந்தது. மைதானத்துக்குள் கால் வைத்தவுடன் டைம் கீப்பர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். பிடித்தபடியே என் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, மேலும் ஒரு நிமிடம் விடாமல் நிற்பார். ஓடிவிடுவேன் என்ற சந்தேகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். சந்தேகம் நியாயமானதுதான்.

நாலாவது மாதத்தில் ஒருநாள்தான் கவனித்தேன். என் கையைப் பிடித்திருக்கிறார், கண் கடிகாரத்தில் இருக்கிறது, உதடு அசைகிறது.

"என்ன மச்சான் பண்றீங்க?"

"பேசாத. எண்ணிக்கிட்டிருக்கேன்."

"என்னத்த?"

"ஒன் நெஞ்சத்தான். நேத்துக்கு இன்னிக்குக் கம்மியாத்தான் இருக்கு. அஞ்சாம் நம்பரே போடலாம்."

நான் நேராகக் கோமதியிடம் போனேன். விசாரித்ததில் எல்லாம் வெளியே வந்தது. கோமதியிடம் என் பைலை வாங்கிக்கொண்டு என் டாக்டரிடமே போயிருக்கிறார். எவ்வளவு துடித்தால் சரி, எவ்வளவுக்கு மேல் போனால் நிறுத்த வேண்டும், வாரத்துக்கு எம்புட்டு ஏற்றலாம் என்று எழுதி வாங்கியிருக்கிறார். "நீங்க யாரு?" என்று டாக்டர் கேட்டதற்கு "கூடப் பெறந்த மச்சான்" என்று பதில் சொன்னாராம். அப்படி ஓர் உறவே உலகத்தில் கிடையாது என்று டாக்டருக்குத் தோன்றவில்லை. எட்டுப் பேர் ஆடுகிற ஆட்டத்துக்கு மேளத்தைத் தேர்ந்தெடுத்தது ஒரே ஒரு நெஞ்சுக்காக. வயசாகிவிட்டது என்ற பழியும் அந்த நெஞ்சுக்காகத்தான்.

இதைக் கேட்டு நான் நெகிழ்ந்திருக்க வேண்டும். எனக்கு வியர்த்துக் கொட்டியது. அஞ்சாம் நம்பரா? நான் இத்தனை நாள் ஒன்றாம் நம்பரில் ஆடுவதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? அஞ்சாம் நம்பரில் ஆடினால் செத்துப்போவேனே! ஏற்கெனவே ஒரு வாரமாக அஞ்சில்தான் ஆடுகிறேன் என்று கோமதி சொன்னதும், நடந்து முடிந்துபோன ஆபத்துக்காக உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

பொங்கல் வந்தது. காலனி விளையாட்டு விழாவில் எங்கள் சதுர ஆட்டம் என்று நோட்டீஸே அடித்துவிட்டார்கள். "விழாவுக்கு ஆறாம் நம்பர்" என்றார் டைம் கீப்பர். நான் நாலு கேட்டேன். நாலரைக்காவது இறங்குவார் என்று பார்த்தேன். "ஆறுன்னா ஆறு. டாக்டர் சரின்னுட்டாரு. நான் பாத்துக்கிறேன், நீ வா."

சாயங்காலம் நாலு மணி. உறியடி முடிந்து, மெதுவாகச் சைக்கிள் ஓட்டுகிற போட்டி முடிந்து, மைதானத்தைச் சுற்றிக் காலனியே நின்றது. எட்டுப் பேருக்கும் சட்டையிலும் சேலையிலும் துணிப் பூ ஒன்றை நெஞ்சுப் பக்கம் சேப்டி பின் போட்டுக் குத்திவிட்டிருந்தார்கள். மேளம் ஆறாம் நம்பரில் எழுந்தது. "ரவுண்டானா!" சுற்றினோம். "பைபாஸ்! இன்னொரு பைபாஸ்! ரெண்டாம் வண்டி ரிவர்ஸ்!" மேடையில் நின்ற டைம் கீப்பரின் குரல் அன்று கணீரென்று இருந்தது. ஜோடிகள் கலைந்தன. கோமதி கொடிக்கால்காரரைத் தாண்டிப் பூக்கடை அண்ணன் பக்கம் போனாள். நான் சின்ன டீச்சர் பக்கம் வந்தேன். சம்மந்திகள் நேருக்கு நேர். எட்டுப் பேரும் கும்பிட்டோம். "வாங்க சம்மந்தி", "வாரேன் தாயி". நாலு தட்டு கச்சிதமாக முடிந்தது.

அப்போது கும்பிட்ட கை பட்டு என் சட்டையில் குத்தியிருந்த பின் திறந்துகொண்டு சுருக்கென்று குத்தியது. நான் "ஆ" என்று நெஞ்சைப் பிடித்தேன்.

அடுத்த உத்தரவு வரவில்லை.

மேளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. எட்டுப் பேரும் யார் யாருக்கோ எதிரில் நின்றோம். நாலு தட்டு, எட்டுத் தட்டு, பதினாறு தட்டு. சும்மா நிற்பது மரியாதையில்லை என்று பூக்கடை அக்கா விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். "பேரன் எப்டி இருக்கான் சம்மந்தி?" "பல்லு மொளைச்சிருக்கு தாயி. கண்டதையும் கடிக்கிறான்." இதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

நான் மேடையைப் பார்த்தேன். டைம் கீப்பர் மைக்கை வாயருகில் பிடித்தபடி நின்றார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கண் என் நெஞ்சிலேயே நின்றது. பயந்த மனிதனின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தினமும் ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம்தானே அது.

"பின்னு மச்சான்! பின்னு குத்திருச்சு! நெஞ்சுக்கு ஒண்ணுமில்ல!" என்று கத்தினேன். அவர் அசையவில்லை. இன்னும் ஒரு நிமிடம் போனால் இந்த மனிதர் மேடையிலேயே விழுந்துவிடுவார் என்று தோன்றியது. அவர் விழக் கூடாது. அது ஒன்றுதான் அப்போது என் மனதில் ஓடியது. என் நெஞ்சு ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்க்க நேரமில்லை.

"ரவுண்டானா!" என்று கத்தினேன்.

என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். மற்ற ஏழு பேரும் திகைத்துப் பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்தார்கள். டைம் கீப்பர் மூன்று நாள் சோடா மூடியை நகர்த்தி எதைத் தவிர்த்தாரோ அது நடந்தது. பூக்கடை அக்காவுக்குப் பக்கத்தில் சம்மந்தி. அக்கா ஒரு கணம்தான் யோசித்தார். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றி, சுற்றிய கையை நீட்டினார். "பிடிங்க சம்மந்தி, நம்ம டைம் கீப்பரண்ணன் மானம் போகுது." கொடிக்கால்காரர் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தார். சுற்றினோம். எனக்கு அடுத்துத் தெரிந்த உத்தரவு ஒன்றே ஒன்றுதான். "டெப்போ!" என்றேன். ஓடினோம். ஆறு பேர் சரியாகப் போய்ச் சேர்ந்தார்கள். என் இடத்தில் கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு துண்டு கட்டிய பெரிய டீச்சர் நின்றார். எனக்குச் சின்ன டீச்சர் மிச்சம். மைதானமே உருண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். வயிறு வலிக்க, வாய் விட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

பிறகு போய்த் தேடினேன். மேடைக்குப் பின்னால், அடுக்கி வைத்த நாற்காலிகளுக்கு நடுவே ஒன்றை எடுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். எண்ணினார். தப்பிவிட்டது போல, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். விரல்கள் நடுங்கியதில் எது என் துடிப்பு, எது அவர் நடுக்கம் என்று அவருக்கே தெரியவில்லை.

"பயந்துட்டீங்களா மச்சான்?"

"யாரு, நானா?" என்று அதட்டினார். பிறகு, "ஆமா மாப்ள. ரொம்ப" என்றார்.

என் கையை விட்டார். அப்புறம் அவராகவே சொன்னார்.

"வேலைக்குச் சேந்த புதுசு. இந்த ஊரு இல்ல, வேற ஊரு. ஒரு டிரைவரு, ஒன் வயசு இருக்கும். 'நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு தம்பி, அடுத்த டிரிப்புல போகட்டுமா'ன்னாரு. நான் மூஞ்சியப் பாக்கல, கடிகாரத்தப் பாத்தேன். 'டைம் ஆச்சுண்ணே, எடுங்க'ன்னேன். எடுத்துட்டாரு."

"அப்புறம்?"

"ஓரங்கட்டி நிப்பாட்டிட்டுத்தான் செத்தாரு. உள்ள இருந்த சனத்துல ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல." துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஒனக்கு வெளையாட்டா இருக்கு. நீ சாயங்காலம் ரெண்டு நிமிசம் பிந்தினாலே எனக்கு உசுரு உசுரா இருக்காது. ரோட்டயே பாத்துக்கிட்டு நிப்பேன். தல தெரிஞ்சாத்தான் விசிலே வாயில வைப்பேன்."

தரையில் இருந்த தண்ணீரை எடுத்து மறுபடி அவர் கையில் கொடுத்தேன். இந்த முறை குடித்தார்.

இப்போது ஏழாம் நம்பருக்கு வந்துவிட்டோம். எனக்குப் பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். தும்மல் வந்தால் இன்னமும் கொஞ்சம் யோசித்துத்தான் தும்முகிறேன். ஆட்டம் ஐந்து மணிக்கு. அந்த மனிதர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாமே என்று, நான் நாலே முக்காலுக்கே போய் அவர் கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்துகொள்கிறேன்.